லு ஆவ்ரில் ஒரு பகல்

"பார்க்க என்ன இருக்கு? எல்லாம் சீமெந்து."
ரயிலிலேயே சொல்லிவிட்டார் தயாபரன்.
சொன்னபடிதான் இருந்தது.
ஒரே உயரத்தில் மாடிகள்,
அதே நிறத்தில் மழை.

குண்டு விழுமுன் இருந்த தெருக்கள்
எங்கே என்று கேட்டேன்.
வழிகாட்டிப் பெண் குனிந்து
தன் சப்பாத்தைக் காட்டினாள்:
"இங்கே. இடிபாட்டை முழுதும் அள்ளவில்லை.
பரப்பிவிட்டு மேலே கட்டினார்கள்."

அதற்குப் பிறகு இவர் நடை மாறிவிட்டது,
பாயில் படுத்திருப்பவர்களை
இருட்டில் தாண்டிப் போவதுபோல்.

நாலாம் மாடியில் யாரோ
குழந்தையின் சிவப்புக் காலுறையைக்
காயப் போட்டிருந்தார்கள்,
அந்த மழையிலும்.

துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது.
இவர் திரும்பவில்லை.
அண்ணாந்து ஜன்னல்களை எண்ணிக்கொண்டே
"குசினிக்குள்ள நல்ல வெளிச்சம் வரும், என்ன?"
என்றார்.