பற்று நோட்டு

திருப்பூர், வேலம்பாளையம், ஐந்தாவது குறுக்கில்
என் மளிகைக் கடை.
தன்பாத் வண்டி வந்த மறுநாள்
முதலில் தீர்வது சிம் கார்டு,
அப்புறம் பிளாஸ்டிக் வாளி, பூட்டு.
ஒரு அறைக்கு ஏழு பேர்.
பகல் ஷிப்டு எழுந்த பாய் சூடு ஆறுமுன்
நைட் ஷிப்டு வந்து படுக்கும்.
பூட்டு எதற்கென்று நான் கேட்டதில்லை.

கடுகெண்ணெய் முதல் டின் இறக்கிய அன்று
என் பொண்டாட்டி மூக்கைப் பொத்தினாள்.
இப்போது வாரம் பதினாறு டின்.
கரும்பு தையில் மட்டும்தான் இறங்கும் முன்பெல்லாம்;
இப்போது தீபாவளி கழிந்த ஆறாம் நாளுக்கும்
ஒரு லோடு சொல்லிவைக்கிறேன்.
நொய்யலில் இறங்கினால் கால் சாயமாகும் என்று
காலி மனையில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து,
லாரித் தண்ணீர் விட்டு
முழங்கால் ஆழத்தில் நின்று
பீகார்ப் பெண்கள் சூரியனைக் கும்பிடுகிறார்கள்.
தண்ணீருக்குக் காசு எண்ணி வாங்கிய செங்கோட்டுவேலும்
கூடவே கையெடுத்தான்.
"சூரியன் பொதுவுதானுங்களே."

கடன் கொடுக்காமல் கடை நடக்காது.
பேர்தான் எழுத வரவில்லை.
வாய்க்குள் நுழையாததை நோட்டுக்குள் எப்படி நுழைப்பது?
"பீகார், உடைஞ்ச பல்லு, 240."
"ஒடிசா, பச்சைத் துப்பட்டா, 85."
"அசாம், சண்டை போட்டவன், கொடுக்கக் கூடாது."
ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.
பச்சைத் துப்பட்டா ஒருமுறை ஊதா போட்டு வந்து
ஒரு வாரம் குழம்பினேன், அது வேறு.

போன மாசம் அட்டாலியைக் கழுவும்போது
பழைய முதலாளி ராக்கியண்ணன் விட்டுப்போன
காலிக்கோ அட்டை நோட்டு கிடைத்தது.
தொண்ணூற்று நாலு, கார்த்திகை.
அவருடைய கோணல் எழுத்தில்:
"மதுரக்காரன், கருவல், கைமடிக்கிற பையன், 34.
சத்தமாப் பேசுவான். பாத்துக் குடுக்க."

மதுரைகூட இல்லை எனக்கு.
கமுதிக்குத் தெற்கே ஏழு மைல்.
"வாங்க, போங்க" நாக்கில் படியவே
ரெண்டு வருஷம் ஆயிற்று.
அந்த முப்பத்தி நாலின் மேல் கோடு இல்லை.
கொடுத்தேனா?
நினைவில்லை.

மறுநாள் பச்சைத் துப்பட்டா வந்தாள்,
அவலுக்கும் ஷாம்புக்கும்.
பேர் கேட்டேன்.
எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி
பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
"மாலதி."
அவ்வளவுதான்.
எட்டு மாசம்.

உடைஞ்ச பல்லுக்காரன் தன் பேரை
மூன்று தரம் சொன்னான்.
நான் எழுதியதை அவனால் படிக்க முடியவில்லை,
அவன் சொன்னதை என்னால் எழுத முடியவில்லை.
வரிசை நீண்டது, பின்னால் ஒருத்தன் தீப்பெட்டிக்குக் கத்தினான்.
"பல்லுன்னே இருக்கட்டுமுங்ண்ணா, பரவால்லீங்"
என்றான்,
என்னைவிடச் சுத்தமாக.

அவன் கணக்கில் முப்பத்தி நாலைக் கழிக்கலாமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்.
கழிக்கவில்லை.
எண்ணெய் விலை ஏறியிருக்கிறது.