இன்றைய நிலவரம்

ராயக்கோட்டை மண்டியில்
பதினோராம் எண் கடைக்குக் கணக்கெழுதுகிறேன்.
முதல் ரகம், பொடி, கழிவு,
இறக்குக்கூலி, கமிஷன்.
ஏலம் முடிந்து விடிகிறபோது
விரலிடுக்கெல்லாம் கார்பன் நீலம்.

எட்டாம் மாதம் மெட்டி கழலவில்லை.
தலைச்சன் பிள்ளை, நீர் கோத்திருக்கும் என்றார்கள்.
‘நூற்றறுபது, கீழே நூற்றுப்பத்து’ என்றார் டாக்டர்.
பழக்கதோஷம்,
‘எந்த ரகத்துக்கு?’ என்று கேட்டுவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் முந்திப் பிறந்தாள் மகள்.
ஒரு கிலோ தொள்ளாயிரம்.
தராசை நானே எட்டிப் பார்த்தேன்.

பிள்ளை இறங்கினால் பிரஷரும் இறங்கிவிடும்
என்றது தெரு.
‘இறங்கிச்சான்னு நான்தான் சொல்லணும், தெரு இல்ல’
என்றார் குல்நாஸ் சிஸ்டர்.

வீட்டுக்கு வந்தவர்கள் தூளியை விலக்கிப் பார்த்தார்கள்.
நிறம் கேட்டார்கள், நட்சத்திரம் கேட்டார்கள்,
மூக்கு யாருடையது என்று வழக்காடினார்கள்.
அட்டையில் அவளுக்கு ஊசி போடும் நாள்களை
எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.
எனக்கான பக்கம் மடிந்தே கிடந்தது.

ஒன்பதாம் நாள் ராத்திரி
தலைக்குள் யாரோ பெட்டி அடுக்கினார்கள்.
மாமியார் சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டார்,
காதில் பஞ்சு வைத்தார்,
பச்சை உடம்பு, படி தாண்டாதே என்றார்.
பாசம்தான். குறை சொல்ல மாட்டேன்.
பெங்களூர் ரயில் கடந்துபோன பிறகும்
கண்ணோரம் வெல்டிங் பட்டறைப் பொறி
தெறித்துக்கொண்டே இருந்தது.

நிற்காத தலைவலி,
கண்ணில் பொறி,
நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி.
இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே,
என்று சொல்லி அனுப்பியிருந்தார் சிஸ்டர்.
கெம்பராஜை எழுப்பினேன்.
வாசலில் நின்ற மினி லாரியில்
காலிப் பெட்டிகள் குலுங்கக் குலுங்க
கிருஷ்ணகிரிக்குப் போனோம், மூன்று பேரும்.

நூற்று எழுபத்து நாலு.
அன்று தக்காளிக்குக்கூட அந்த விலை இல்லை.

ஊசி, அரையிருட்டு அறை,
பக்கத்துக் கட்டிலில் யாரோ விக்கும் சத்தம்.
கிண்ணத்தில் பீய்ச்சிய பாலை
அவர் கொண்டுபோய்ப் புகட்டினார்,
சுமை தூக்கிக் காய்த்த கையால், பாலாடையில்.

திரும்பி வந்ததும் அளக்கும் மிஷின் ஒன்று வாங்கினார்.
தினமும் சாயங்காலம்
சட்டையைக் கழற்றும் முன்பே கேட்பார்:
‘இன்னைக்கு நிலவரம் என்ன?’
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
பின்னோக்கி எழுதிவந்தேன்.
நூற்றைம்பத்தெட்டு. நூற்றைம்பது. மறுபடி ஐம்பத்தாறு.
நூற்று நாற்பத்திரண்டு.
விலை விழுந்தால்
ரோட்டில் கொட்டிவிட்டு அழும் ஊர் இது.
விழட்டும், விழட்டும் என்று வேண்டிக்கொண்டது
எங்கள் வீடு ஒன்றுதான்.

ஆறாம் வாரம் நூற்றிருபத்து நாலுக்கு எண்பது.
சிறுநீரில் உப்பு இல்லை.
‘கணக்கை முடிச்சிரலாமா சிஸ்டர்?’ என்றேன்.
மாத்திரையைக் குறைத்து எழுதியபடியே சொன்னார்:
‘வருஷா வருஷம் வந்து காட்டு.
நீ மறந்துடுவ, உன் இதயம் மறக்காது.
அடுத்து நாள் தள்ளிச்சுன்னா
உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்ன கையோட எங்கிட்ட சொல்லு.’

மகளுக்கு இப்போது எட்டு மாதம்.
மிஷினின் ரப்பர் குழாயைக் கடித்து
பல் முளைக்க வைக்கிறாள்.

நேற்று ஏலத்தின் நடுவில்
கூலி பாக்கி வாங்க வந்தாள்
காய் தரம் பிரிக்கும் சந்திரமதி.
நெற்றியில் துணி இறுக்கிக் கட்டியிருந்தாள்.
‘ரெண்டு நாளாத் தலையப் பிளக்குதுக்கா,
பனிதான்’ என்றாள்.
மெட்டி விரலில் புதைந்திருந்தது.
‘பிள்ளைக்கு எத்தனை நாள்?’
‘பதினொன்னு.’

ஏலக்காரர் விலையைக் கூவிக்கொண்டே இருந்தார்.
நான் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

கடைக் கணக்கில்
நாலு லோடு விட்டுப்போயிருக்கிறதாம்.
முதலாளி கேட்கிறார்.