வரத்து, திறப்பு, இருப்பு

கே.ஆர்.பி. அணையில் அப்பா லஸ்கர்.
தூக்கச் சொன்னால் ஷட்டரைத் தூக்குவார்,
இறக்கச் சொன்னால் இறக்குவார்.
விடிகாலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து
பதிவேட்டில் மூன்று கட்டம் நிரப்புவார்:
வரத்து, திறப்பு, இருப்பு.

நான் பிறந்த பதினோராம் நாள்
எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டாராம்.
நீர் போகிற வழியில் பிறவியிலேயே ஒரு சவ்வு.
வெளியே வராதது பின்னால் ஏறி
ரெண்டு கிட்னியும் வீங்கிக் கிடக்கு.
அம்மா அழுதாள்.
அப்பா கேட்டது ஒன்றுதான்:
"எத்தனை நாளா மூடியிருக்கு சார்?"

சவ்வைச் சுட்டெடுக்க இருபது நிமிஷம்.
மீதி
முப்பத்தோரு வருஷம்.

மூடிய கதவை முட்டி முட்டித்
தடித்துப்போன பை அது.
கதவு திறந்த பிறகும்
அதற்கு முட்டத்தான் தெரிந்தது.
காலியாகத் தெரியவில்லை.
ஆகவே டியூப். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை,
ராத்திரிக்கு ஒன்று தனியாக.

பொதுப்பணித்துறை முத்திரை குத்திய
எழுதாத பதிவேடு ஒன்று வீட்டுக்கு வந்தது.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிளேடால் கீறி
அப்பா எனக்கு அளவுகோல் செய்தார்.
குடித்தது வரத்து. போனது திறப்பு.
மூன்றாவது கட்டத்தை டாக்டர்கள் ஸ்கேனில் பார்த்துச் சொல்வார்கள்.
ஒரு ஆகஸ்ட் மாதத்துப் பக்கத்தில் மட்டும்
என் இருப்பு நாற்பத்தேழு அடி என்றிருக்கிறது.
அடித்துத் திருத்தியிருக்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில், காவேரிப்பட்டணத்தில்,
காம்பஸ் பெட்டிக்குள் இருந்த டியூபை
எவனோ எடுத்து ஜூஸ் உறிஞ்சுவதுபோல் காட்டினான்.
அதன் பிறகு பள்ளிக்கு நான் அதைக் கொண்டுபோகவில்லை.
கணக்கு மட்டும் தவறாமல் எழுதினேன்:
300. 250. 300.

ஒரு வாரம் பார்த்தார்.
"எல்லாம் பூஜ்யத்துலயே முடியுதேப்பா.
அளந்தவன் கணக்கு அப்படி வராது."
திட்டவில்லை.
அன்றைக்கே நான் 287, 263 என்று
எழுதக் கற்றுக்கொண்டேன்.

ரத்தத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
பதினேழில் கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு.

பதினெட்டில், இனி நீ எங்க பிள்ளை இல்லை என்றது குழந்தைகள் வார்டு,
சிரித்தபடிதான்.
தர்மபுரி மெடிக்கல் காலேஜில் பெரியவர்கள் வரிசை.
எனக்கு முன்னால் ஏழு பேருக்கு ப்ராஸ்டேட்.
"அப்பாவுக்கு டோக்கனா தம்பி?"
"எனக்குத்தான்."
ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.
அறுத்த டாக்டர் ரிட்டையராகிவிட்டார்.
பழைய ஃபைலைக் கரையான் தின்றுவிட்டது.
புது டாக்டர் அப்பாவின் பதிவேட்டைப்
பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தார்.
எந்த இரண்டு வருஷம் பொய் என்று
நான் விரல் வைத்துக் காட்டினேன்.

அணையின் முதல் ஷட்டர் உடைந்த வருஷம்
அப்பா போய்விட்டார்.
இரண்டில் எது முன்னால் என்று
அம்மாவுக்கு இப்போதும் குழப்பம்.

பர்கூர் பஸ் ஸ்டாண்டில், நிச்சயத்துக்கு முன்பு,
நிரோஷாவிடம் அதே பதிவேட்டைக் கொடுத்தேன்.
மாங்கூழ் ஆலையில் லேப் பார்ப்பவள்.
வாழைப்பழம் தின்றுகொண்டே புரட்டினாள்.
"இந்த 287 எல்லாம் நிஜமா?"

இப்போது ஒன்று புள்ளி ஒன்பது.
என்றைக்காவது வேறொருவர் கிட்னி வேண்டியிருக்கும்.
பத்து வருஷம் என்கிறார்கள், இருபது என்கிறார்கள்,
உப்பைக் குறை என்கிறார்கள்.

நேற்று அவளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன்.
திரையில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கறுப்பு.
"இதுதான் குழந்தையோட நீர்ப்பை" என்றார் அந்தம்மா.
என் கதை தெரிந்தவர்,
கருவியை எடுக்காமல் காத்திருந்தார்.
நான் அந்தக் கறுப்பையே பார்த்தேன்.
ஷட்டர் மேல் கைவைத்து
உத்தரவுக்கு நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தது.

சுருங்கியது.
கொஞ்சம்கூட மிச்சமில்லாமல்.

என் போனில் நாலு மணி அலாரம் அடித்தது.
"போயிட்டு வாங்க," என்றாள் நிரோஷா,
"நாங்க இங்கதான் இருப்போம்."

கழிவறையில் அளந்தேன்.
இருநூற்று நாற்பது.
சத்தியமாக, அப்பா,
பூஜ்யத்தில்தான் முடிந்தது.