சராசரி தங்கும் நேரம்

ஹாப்சாலு ஊரில், சாலைத் துறையின் இரண்டாம் மாடியில்
மனிதர்களைப் பார்க்காமல் எண்ணுவது என் வேலை.
எந்த ஊரிலிருந்து வந்தார், கைப்பேசியிலா, கணினியிலா,
எந்தச் சொல்லைத் தேடி வந்தார்,
எந்த இடத்தில் மனம் மாறிப் போனார்.
முகம் கிடையாது. ஒரு கோடு ஏறும், இறங்கும்.
செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் கூன் விழும்.

கடல் உறைந்தால்
ஹீயுமா தீவுக்குப் பனிக்கட்டி மீதே சாலை திறப்போம்.
சீட் பெல்ட் போடக் கூடாது.
முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே
கால் கிலோமீட்டர் விட வேண்டும்.
வழியில் நிற்கக் கூடாது; நின்றால் கடலுக்குக் கேட்டுவிடும்.
அந்தச் சாலைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம்,
பக்கத்தில் ஒரே ஒரு சொல்:
திறந்திருக்கிறது.
அல்லது
மூடியிருக்கிறது.

நல்ல குளிர்காலத்தில் நாலு நொடிதான் நிற்பார்கள்.
'தொண்ணூற்றொரு சதவீதம் பேர் வந்த காலோடு திரும்புகிறார்கள்'
என்று யூலோ கவலைப்படுவார்.
சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், யூலோ,
அதற்குப் பெயர் தோல்வியா?

இந்த வருடம் கடல் உறையவில்லை.
டிசம்பர் முழுக்க மூடியிருக்கிறது. ஜனவரி, மூடியிருக்கிறது.
பிப்ரவரியில் ஓர் அலை வந்து
வேக வரம்புப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனது.
கோடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.
சராசரி தங்கும் நேரம்:
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

ஒரு சொல்லை வாசிக்க.

கழிக்க வேண்டியதைக் கழித்துப் பார்த்தேன்.
தேடுபொறி அனுப்பும் எந்திரங்கள்; அவை வாசிப்பதில்லை, மேய்கின்றன.
திறந்து வைத்துவிட்டுக் காபி போடப் போனவர்கள்.
பிறகு, அலுவலகத்தில் ஒருத்தி, வீட்டில் ஒருத்தி என
தினமும் இரண்டு பேராகப் பதிவான நான்.

மிச்சத்தில் கோதன்பர்கிலிருந்து ஒருவர்.
விடியற்காலை ஐந்து பத்துக்கு வருகிறார்.
பக்கத்தைப் புதுப்பிக்கிறார். சொல் மாறவில்லை.
மறுபடியும். ஏழு முறை.
கதவு தட்டுவது போல இல்லை அது;
காய்ச்சல்காரரின் நெற்றியில் கை வைத்து வைத்துப் பார்ப்பது போல.

லாரி ஓட்டுபவரா? தீவில் யாராவது படுத்திருக்கிறார்களா?
முகவரியின் கடைசி இலக்கங்களை அழிப்பது சட்டம்,
அழித்த கை என்னுடையது.
ஊகிக்கக் கூடாது. ஆனாலும் ஒருநாள்
அவருக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தேன்.
பிறகு கழற்றிவிட்டேன்.

அவராவது எண்ணிக்கைக்குச் சம்மதித்தவர்.
'உங்கள் வருகையைக் கணக்கில் எடுக்கலாமா?'
வேண்டாம் என்று அழுத்தியவர்கள் எத்தனை பேர்?
உறைந்த கடலின் அடியில் மீன் போவது போலப் போகிறார்கள்,
மேலே வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு நிழல்கூட இல்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
கடலுக்கு அடியில் போனவர்களை எந்தப் படியால் அளக்க?

மார்ச் மாதக் கூட்டத்தில் யூலோ சொன்னார்:
'சாலையே இல்லை, பக்கம் எதற்கு?'
கணக்குப் பிரிவு லீவி திரையைப் பார்த்துக் கேட்டாள்:
'சரி, இவர்களெல்லாம் யார்?'
என்னிடம் நான்கு நிறத்தில் வரைபடம் இருந்தது.
தெரியாது என்றேன்.
ஏழு வருடத்தில் முதல் முறை; யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் வரை பக்கம் இருக்கட்டும் என்று முடிவானது.
அன்று மாலை, யாரையும் கேட்காமல்,
ஒரு சொல்லைச் சேர்த்தேன்:

இன்னும் மூடியிருக்கிறது.

மறுநாள் ஐந்து பத்துக்குக் கோதன்பர்க் வந்தார்.
ஒரே முறை. பதினொரு நொடி.
போய்விட்டார்.

அறிக்கை அதை வீழ்ச்சி என்று
சிவப்பில் காட்டுகிறது.