திருகாணி

செக்காலை ரோட்டில்
மருந்துக்கடைக்கும் வளையல்கடைக்கும் நடுவில்
ஆறடி அகலம் என் கடை.
உடைந்த திரை மாற்றுவேன்.
குழம்பில் விழுந்த போனைக்கூட
உயிரோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் மத்தியானத்தில் வருவார்கள்,
பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால்.
தலையணைக்கு அடியில் எடுத்ததைக்
கவுண்டரில் வைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள்.
"ஆச்சி, இவ யாரோட பேசுறான்னு
என் போன்ல தெரியுற மாதிரி
ஏதாச்சும் போட்டுத் தாங்களேன்."
சிலருக்குப் போட்டுக் கொடுத்தேன்.
முந்நூறு ரூபாய். பில் கிடையாது.

பள்ளத்தூர்க்காரர் ஒருவர் மட்டும்
மறு வாரமே வந்தார்.
"எடுத்துருங்க ஆச்சி. ராத்திரி பூரா
அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.
பொண்ணு எதுக்கு அழுகுதுங்குறது மட்டும்
அதுல வரமாட்டேங்குது."
நான் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

என் மகனுக்குப் பதினைந்து.
பள்ளிக்கூடத்தில் சோலையப்பன்;
மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று
எனக்கு அப்பு.
மூன்றாவதாக ஒரு பெயர்
விளையாட்டுக்குள் அவனே வைத்துக்கொண்டது.
தாரிகா அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாளாம்.
கோயம்புத்தூராம், பத்தாவதாம்,
ஒரு நாய்க்குட்டி வைத்திருந்தாளாம்.

அன்று ராத்திரி கடை வேலையை
வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.
பதினொரு மணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.
"நீ ஏம்மா ஒண்ணும் கேக்கல?"
"என்னத்தக் கேக்க?"
"ஊர்ல எல்லார் போனையும் பாக்குற.
எம்போனையும் பாத்திருப்ப.
எப்பத் திட்டுவ எப்பத் திட்டுவன்னு
மூணு வாரமா காத்துக்கிட்டிருக்கேன்."

கையிலிருந்த திருகாணி நழுவி
ஆத்தங்குடிக் கல்லின் பூக்களுக்குள் போய்விட்டது.
எள்ளில் பாதிதான் இருக்கும்.
இருவரும் முட்டிபோட்டோம்.
டார்ச்சை அவன் பிடித்தான்.

எல்லாவற்றையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.
ஒரு படம் கேட்டது.
பிறகு இரண்டாயிரம்,
ரெக்கார்டு நோட்டுக்கென்று நான் கொடுத்தது.
இப்போது ஐயாயிரம்.
காலை எட்டு மணிக்குள் வராவிட்டால்
வகுப்புக் குரூப் முழுக்கப் போகும்.
"அது பொண்ணே இல்லம்மா" என்றபோது
வெளிச்சம் நடுங்கியது.

ஏன்டா அனுப்பினே,
பல் வரைக்கும் வந்துவிட்டது.
தேடுகிற சாக்கில் சோபாவுக்கு அடியில்
தலையை நுழைத்துக்கொண்டேன்.
அங்கிருந்து பேசியது என் கடைக்குரல்:
"இனிப் பத்துப் பைசா குடுக்கக் கூடாது.
எதையும் அழிச்சிராத.
அவன் பேசுனது, பணம் கேட்ட நம்பர்,
எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடு.
அப்புறம் பிளாக் பண்ணலாம்."
கொஞ்சம் கழித்து, வேறு குரலில்,
"ஒம்மேல தப்பு இல்ல அப்பு."

போன் அவன் கையிலேயே இருந்தது.
நான் வாங்கவில்லை.
1930க்கு அவனே அடித்தான், ஸ்பீக்கரில்.
வயசைச் சொன்னதும்
அந்தப் பக்கத்துப் பெண்ணின் குரல்
ஒரு படி கீழே இறங்கி வந்தது.

"அப்பாட்ட சொல்லாத."
"சொல்லணும். நாஞ் சொல்றேன்,
நீ பக்கத்துல இருந்தாப் போதும்."

எட்டு மணிக்கு ஒன்றும் வரவில்லை.
ஒன்பதுக்கும் வரவில்லை.
வராது என்று யாரும் எனக்கு
எழுதிக் கொடுக்கவில்லை.

நேற்றும் ஓர் அம்மா வந்தார்,
மகள் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு.
இது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
சாயங்காலம் ரெண்டு பேருமா வாங்க என்றேன்.
மேலும் கீழும் பார்த்துவிட்டு
எதிர்க்கடைக்குப் போனார்.

அந்தத் திருகாணி கிடைக்கவே இல்லை.
வேறொன்றைப் போட்டு முடுக்கினேன்,
மூடி ஓர் ஓரத்தில் கொஞ்சம்
தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.
சில ராத்திரிகளில் அப்பு வந்து நிற்பான்,
டார்ச்சைப் போட்டுக்கொண்டு.
"அம்மா, அதக் கொஞ்சம் தேடலாமா?"

உலையை அணைத்துவிட்டு
முட்டிபோடுகிறேன்.