ஏழு புள்ளி பூஜ்யம் எட்டு

மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் குத்தினேன்.
வேலப்பன் கையை இழுக்கவில்லை.

வில்பட்டிப் பேரித்தோட்டத்து ஆள்.
படுத்த படுக்கையில்
பூம்பாறை ஏற்றம் ஏறுகிறவன்போல் இரைக்கிறான்.
வாயில் அழுகிய பேரிக்காய் வாசம்.

"ஒரு தூக்க ஊசி போடுங்களேன், பாக்க முடியல"
என்றாள் மாரக்கா.

மிஷின் தாள் துப்பியது:
பிஎச் ஏழு புள்ளி பூஜ்யம் எட்டு,
கரியமிலவாயு பதினாலு,
பைகார்பனேட் நாலு.

வேண்டாம்மா, அந்த இரைப்புதான் இறைப்பு.
உள்ளே ஊறும் புளிப்பை
வாளி வாளியாய் வெளியே கொட்டுகிறது.
அதை உறங்கவைத்தால்...
முடிக்கவில்லை நான்.

இன்சுலின், உப்புநீர், ஜன்னலில் முட்டும் மேகம்.
நாலரைக்கு
ஏழு புள்ளி இரண்டு நாலு.
மூச்சு இறக்கத்துக்கு வந்திருந்தது.

பேரிக்காய் வாசம் மட்டும் போகவில்லை.
குனிந்தால்,
கட்டிலடியில் மஞ்சப்பை நிறைய.
"டாக்டருக்குத்தான்" என்றாள் மாரக்கா,
"அவருக்கு இல்ல."