கை நீட்டினால்தான் நிற்கும்

வேல்ஸ் மழை. நிழற்குடைக்குள்
இட்வால், டெலித்; ஆளுக்கொரு குறிப்பேடு, ஒரே ஃபிளாஸ்க்.

"இருபது மைல் என்று பலகை வைத்துவிட்டார்கள்.
இனி அந்தப் பழைய வண்டி
மூன்றாவது கியருக்கே வராது.
சேப்பல் மேட்டில் அது இழுக்குமே ஒரு ஸ்வரம்,
போச்சு."

"பேக்கரி வாசலில் உன் மோஸ் அடிபட்டதே,
அது எத்தனையாவது கியர்?"

அவன் மூடியில் தேநீர் ஊற்றுகிறான்.
அவளுக்கு முதலில்.

வளைவில் நாற்பத்தேழு.
சிவப்பு இரட்டை மாடி, ஒற்றை வைப்பர் மட்டும் ஆட.
கை நீட்டினால்தான் நிற்கும்;
ஒரு கையில் தேநீர், ஒரு கையில் பேனா.

போய்விட்டது,
ஒரு அவசரமும் இல்லாமல்.
முதுகிலிருந்த எண்ணைக்
கடைசி இலக்கம்வரை படிக்க முடிந்தது.

"எழுநூற்று நான்கு," என்கிறான்.
"எழுநூற்று நான்கேதான்."
எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.